முழு நிறுத்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் வருசம், சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்குள் முப்பத்திரண்டு ரிங் பிரேம் மிஷின்களைச் சுருதி பிசகாமல் பாட வைத்தவன் நான். பாட வைத்தேன் என்றால் பாடத்தான் வைத்தேன். ஒரு மிஷினுக்கு, நூலை முறுக்கிச் சுற்றுகிற கதிர் நானூறு வீதம் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கதிர்கள். அத்தனை தம்புராவை ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைத்த கச்சேரி உலகத்தில் வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. அன்றைக்கு மேற்கு மலையில் சும்மா நின்றுகொண்டிருந்த மேகம் ஒன்று இறங்கி வந்து, எங்கள் ஆலைக் கூரைமேல் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனது. மேகம் விஷயத்தில் வேண்டுமானால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். மிஷின் விஷயத்தில் ஒரு கதிரைக்கூடக் குறைக்க மாட்டேன்.

என் பெயர் சமுத்திரம். முப்பத்துநாலு வருசம் அந்த ஆலையில் மிஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தேன். இப்போது ஓய்வு. ஆலையின் பெயரை எழுதவில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு எதற்கு?

இதற்கெல்லாம் மூலகாரணம் பொன்னுராஜ். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், நாற்பது வயது, எப்போது பார்த்தாலும் விரலால் தொடையில் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பார். சேர்ந்திசை அமைக்கிறவர். ஊர்ப் பெண்கள் பாடுகிற கும்மியை, தாலாட்டை எடுத்து, மூன்று கூட்டம் ஒரே நேரத்தில் மூன்று விதமாகப் பாடும்படி கட்டுவார். ஒரு கூட்டம் முன்னால் போகும். இன்னொன்று பின்னால் துரத்தும். மூன்றாவது கூட்டம் ஒரே சுரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதலில் கேட்கும்போது மூன்று வீட்டுச் சண்டை மாதிரி இருக்கும். செத்த நேரம் பொறுத்தால் மூன்று வீட்டுக்கும் ஒரே கல்யாணம் என்று புரியும்.

அந்த வருசம் அவர் கையில் எடுத்தது மழைக்கஞ்சிப் பாட்டு. வத்திராயிருப்புப் பக்கம் மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கஞ்சி வாங்கி, பொதுவில் ஊற்றிக் குடித்து, வானத்தைப் பார்த்து அழுவார்கள். அந்த அழுகையைப் பொன்னுராஜ் வரப்பு வரப்பாக அலைந்து எழுதிக்கொண்டு வந்தார். அதற்கு நடுவில் முத்து முகம்மதுவின் கவிதை ஒன்றையும் சேர்த்தார். முத்து முகம்மது எங்கள் ஊரில் பேண்டேஜ் துணி வியாபாரி. துணி மடிக்கிற காகிதத்தில் கவிதை எழுதுவார்.

பாடுவதற்கு எங்கள் ஆலை ஆட்களைத்தான் கேட்டார். நாற்பது பேர். "மிஷினுக்கு மேல கத்திக் கத்திப் பழகுன நெஞ்சு அண்ணாச்சி. இந்த மூச்சு வேற யாருக்கும் வராது" என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவார்கள். அங்கே அவருடைய தாய்மாமனின் கல்யாண மண்டபத்தில், பந்திக் கூடத்தில் ஒத்திகை. நானும் போனேன். அரை வரி பாடினேன். பொன்னுராஜ் என் தோளில் கை வைத்து, "அண்ணாச்சி, உங்களுக்குள்ள கியர் பாக்ஸ் ஒண்ணு ஓடுது. நீங்க கேளுங்க, அது போதும்" என்றார். இந்த அவமானத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

இரண்டாவது கூட்டத்துக்கு முன்னணி ஞானபாக்கியம். ரிங் பிரேமில் நூல் அறுந்தால் இணைக்கிற வேலை. அந்தக் கை இணைத்த இடத்தை நூலே கண்டுபிடிக்காது. அவள் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இரண்டு வருசத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் என்பது சட்டம். அவள் நானூற்று எழுபத்தொரு நாள் முடித்திருந்தாள். ஒன்பது நாள் பாக்கி. அதற்கு மேல் அவளை யாரும் அசைக்க முடியாது. அதற்குள் யார் வேண்டுமானாலும் ஊதித் தள்ளலாம்.

ஊதுவதற்கென்றே எங்கள் கேட்டில் ஒருவர் இருந்தார். சங்கரலிங்கம், காவல் அதிகாரி. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர், அதனால் ஊருக்கே ஏட்டய்யா. தன் நிழல் முன்னால் உள்ளே போனால் அதனிடமும் கேட் பாஸ் கேட்பார். தயிர்ச்சோற்றுக்குள் கரண்டி விட்டுத் துழாவிப் பார்ப்பார், உள்ளே நூல் கண்டு இருக்கிறதா என்று. ஒருமுறை தும்மியவனை நிறுத்தி, "யாருக்கு சிக்னல் குடுக்குற?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கதையைக் கிளப்பிவிட்டவனே நான்தான், ஆனாலும் நடந்திருக்கக்கூடியதுதான்.

நாற்பது பேர் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவது அவர் கண்ணுக்குத் தப்புமா? நாலு ஞாயிறு பின்னாலேயே போய் மண்டபத்துக்கு வெளியே நின்றார். சும்மா நின்றால் சந்தேகம் வருமென்று ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பால்கோவா வாங்கித் தின்றுகொண்டே நின்றார். உள்ளே பாடினது எதுவும் பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இடையிடையே பொன்னுராஜ் உரக்கச் சொன்ன ஒரு சொல் மட்டும் கேட்டது. நிறுத்தம்.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை காலை, ஞானபாக்கியத்தின் தூக்குச்சட்டி மூடிக்குள் மடித்து வைத்த காகிதம் ஒன்று ஏட்டய்யா கையில் சிக்கியது. நான் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

"இது என்ன?"

"பாட்டு, ஏட்டய்யா."

ஏட்டய்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாக்குமூலம் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"ஏ முதலில் கிளம்பவும். பி எட்டு எண்ணி உள்ளே வரவும். சி சத்தமில்லாமல் காத்திருக்கவும். ஏ, இரண்டு நிறுத்தம். பி, நான்கு நிறுத்தம். மூவரும் சேர்ந்து முழு நிறுத்தம், எட்டு. யாரும் அசையக்கூடாது." தலையை நிமிர்த்தினார். "இதுல ஏ யாரு?"

"மேல் குரல் பொம்பளைங்க."

"பி?"

"கீழ்க் குரல் பொம்பளைங்க."

"சி மட்டும் ஆம்பளைங்களாக்கும்?"

"ஆமா, ஏட்டய்யா."

"நம்ம மில்லுல ஏ ஷிப்டு, பி ஷிப்டுல பொம்பளைங்க. சி ஷிப்டு ராத்திரி, ஆம்பளைங்க மட்டும். இது எப்படித்தா இம்புட்டு ஒத்துப்போவுது?"

எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பொன்னுராஜ் நம்மையெல்லாம் வைத்து நிஜமாகவே ஒரு வேலைநிறுத்தம் நடத்தப் போகிறாரோ? சந்தேகம் அப்படித்தான், சொறி மாதிரி. பக்கத்தில் நின்றாலே தொற்றும்.

"நிறுத்தம்னா செத்த நேரம் வாயை மூடுறது, ஏட்டய்யா. பொன்னுராஜ் சார் அப்படித்தான் எழுதுவாரு."

"நிறுத்தம்னா என்னன்னு எனக்கு நீ சொல்லித் தராத. அதுக்காவ லத்தி தூக்குன கை இது." காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் முத்து முகம்மதுவின் கவிதை. அதையும் வாசித்தார்.

"மேகமே, பஞ்சு உன்னிடம் இருக்கிறது. கதிர் எங்களிடம் இருக்கிறது. மலைச்சுவர் தாண்டி நூலாக இறங்கி வா." காகிதத்தை மடித்தார். "பஞ்சு, கதிரு, சொவரு தாண்டி. யாரு இந்த மேகம்? எந்த டிபார்ட்மெண்டு?"

அன்றைக்கே ஞானபாக்கியத்தை வெளியே நிறுத்திவிட்டார்கள். புதன்கிழமை விசாரணை. குற்றச்சாட்டு, அனுமதியில்லாத வேலைநிறுத்தத்துக்குத் திட்டமிட்டது.

யூனியன் செயலாளரிடம் ஓடினேன். அவர் முகம் உம்மென்று இருந்தது. "எங்களுக்கே தெரியாம ஒரு ஸ்டிரைக்கா? அப்ப யூனியன்னு நாங்க எதுக்கு இருக்கோம்? அந்தப் பாட்டு வாத்தியார் முதலாளி ஆளுன்னு எனக்கு முதல்லயே ஒரு டவுட்டு" என்றார். ஆலைக்குப் பொன்னுராஜ் யூனியன் ஆள், யூனியனுக்கு அவர் ஆலை ஆள். பாவம் மனிதர், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார்.

விசாரணைக்கு ஒரு சக தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஞானபாக்கியம் என்னை வைத்துக்கொண்டாள். மேனேஜர் அய்யா நல்ல மனிதர். வீட்டில் தெலுங்கு, ஆலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் இல்லாமல் மேசையைத் தட்டுவது. காகிதத்தை முன்னும் பின்னும் பார்த்தார்.

"பாட்டுதானம்மா? பாடிக் காட்டு. முடிஞ்சுபோச்சு."

எனக்கு நிம்மதி. ஆனால் ஞானபாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நிம்மதி இல்லை. எழுந்து நின்றாள். எட்டு எண்ணும் வரைக்கும் உதடு மட்டும் அசைந்தது. மேனேஜர் அய்யா, "உடம்பு சரியில்லையா?" என்றார். அப்போது அவள் "ஊத்துங்க" என்று ஒரே சுரத்தில் நீட்டினாள். நிறுத்தினாள். நாலு எண்ணினாள். மறுபடி அதே சுரத்தில் "ஊத்துங்க." மறுபடி நாலு. இப்படியே பதினாறு தடவை.

"இம்புட்டுதானா?"

"என் பங்கு இம்புட்டுதான் அய்யா. மிச்சம் மத்தவங்ககிட்ட இருக்கு."

ஏட்டய்யா நாற்காலியை முன்னால் இழுத்தார். "கேட்டியளா அய்யா? மிச்சம் மத்தவங்ககிட்ட இருக்காம். இதத்தான நான் மூணு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்."

நான் இடையில் புகுந்தேன். "அய்யா, ஞாயித்துக்கிழம வில்லிபுத்தூருக்கு வாங்க. நாப்பது பேரும் பாடுவாங்க. கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

"அங்க பாட்டாத்தான் பாடிக் காட்டுவாங்க" என்றார் ஏட்டய்யா. "காகிதத்துல எழுதுனது பாட்டுன்னா, இங்க, மிஷினு முன்னாடி, மிஷினு ஓடும்போது நடத்திக் காட்டட்டும். முழு நிறுத்தம்னு வருதே, அந்த எடத்துல என்ன நிக்கிதுன்னு நான் பாக்கணும்."

மேனேஜர் அய்யா யோசித்தார். "வெள்ளிக்கிழம ரெண்டு மணி. ஷிப்டு மாறுற நேரம். போறவங்களும் வாரவங்களும் ஒரே மிஷின்ல நிப்பாங்க. வேலை கெடாது. ஆனா ஒண்ணு, சமுத்திரம். ஒரு மிஷின் நின்னாலும் இந்தப் பொண்ணு அன்னைக்கே வெளியதான். பொறவு நீ வந்து எங்கிட்ட நிக்கக்கூடாது."

வெளியே வந்ததும் ஞானபாக்கியம், "அண்ணே, உள்ள ஒருத்தர் பாடுறது ஒருத்தருக்குக் கேக்காதே" என்றாள்.

"நீங்க உதட்டப் பாத்துத்தான பேசிக்கிடுதிய? உதட்டப் பாத்துப் பாடுங்க" என்றேன். நூற்பாலையில் எல்லாரும் அப்படித்தான். இருபதடி தள்ளி நிற்பவள் மாமியாரைத் திட்டுவதை உதட்டிலேயே முழுசாகப் படித்துவிடுவார்கள்.

கேட்டுக்கு வெளியே நின்ற பொன்னுராஜுக்கு வேறு கவலை. "உதடு சரி, அண்ணாச்சி. சுருதி? ஒவ்வொரு மிஷினும் ஒவ்வொரு சுரத்துல இரையுதுன்னு நீங்கதான சொன்னீங்க? எந்த மிஷின் பக்கத்துல நிக்காங்களோ அதோட சுரத்துக்குக் குரல் சறுக்கிரும். முப்பத்திரண்டு பாட்டாப் போயிரும்."

இங்கேதான் நான் வருகிறேன்.

நாற்பதாம் நம்பர் என்கிற ஒரே பருமன் நூல் ஓடுகிற மிஷின்கள் எல்லாம் ஒரே வேகத்தில்தான் ஓட வேண்டும். ஆனால் பெல்ட் தொய்ந்தால் கொஞ்சம் வழுக்கும், வேகம் குறையும், இரைச்சல் இறங்கும். பெல்ட்டை இறுக்கினால் ஏறும். பொன்னுராஜ் சட்டைப்பையிலிருந்து இரண்டு கால் கவட்டை மாதிரி ஓர் இரும்பை எடுத்துக் கொடுத்தார். தட்டினால் ஒரே சுரம் பாடும் இரும்பு. அந்த இரைச்சலில் அது காதுக்குக் கேட்குமா? கேட்காது. காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டால் மண்டைக்குள் கேட்கும். ஸ்குரூ டிரைவரின் நுனியை மோட்டாரில் வைத்துப் பிடியைக் காதெலும்பில் வைத்தால் மோட்டார் பேசும். பேரிங் கெட்டிருக்கிறதா என்று நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். பல்லில் பொன்னுராஜ், காதில் மோட்டார், இரண்டும் ஒத்துப்போகும் வரை பெல்ட்டைத் திருகினேன். வியாழக்கிழமை முழுக்க, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வரை. பெல்ட் பராமரிப்பு என்று ரிஜிஸ்டரில் எழுதினேன், அதில் ஓர் எழுத்துப் பொய் கிடையாது. முப்பத்தோரு மிஷின் வழிக்கு வந்துவிட்டது. பதினேழாம் நம்பர் மட்டும் என் மச்சினன் மாதிரி, எவ்வளவு சொன்னாலும் அரைக்கால் சுரம் கீழேயே நின்றது. முதல் பாராவில் முப்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறேன். அது மரியாதைக்கு.

ஏட்டய்யா தூணுக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நோட்டில் அன்றைக்கு எழுதினதைப் பின்னால் நானே படித்தேன். 'சமுத்திரம் வாயில் இரும்பு. காரணம் விளங்கவில்லை.'

இரண்டு மணி. ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. மிஷினுக்கு ஒருத்தியாக ஏ குரலும் பி குரலும் நின்றார்கள். சி-யில் பாதிப்பேர் பாபின் வண்டி தள்ளுகிறவர்கள், மீதிப்பேர் ராத்திரி ஷிப்ட் ஆட்கள், தூக்கத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். மேனேஜர் அய்யா நடுச் சந்தில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஏட்டய்யா, ஒரு கையில் காகிதம், மறு கையில் பென்சில். பொன்னுராஜை உள்ளே விடவில்லை. அவர் இடத்தில் நின்று நடத்த வேண்டியவள் ஞானபாக்கியம்.

அவள் கையைத் தூக்கினாள். எனக்கு நெஞ்சில் பெல்ட் அறுந்த மாதிரி இருந்தது.

ஏனென்றால் பொன்னுராஜ் நிறுத்தத்துக்குக் கையை மூடிக் காட்டுவார், விரல்களைக் குவித்து ஒரு பிடி. எங்கள் ஆலையில் பிடியைக் காட்டினால் மிஷினை நிறுத்து என்று அர்த்தம். இந்த இரைச்சலில் வாயால் சொல்ல முடியாதென்று வருசக்கணக்காகப் பழகின சைகை. பந்திக் கூடத்தில் அதனால் ஒன்றும் ஆகவில்லை, அங்கே மிஷின் கிடையாது. இங்கே ஒவ்வொருத்தியின் வலது கைக்கும் ஒரு முழ தூரத்தில் சிவப்பு பட்டன். முழு நிறுத்தத்தில் இவள் பிடியைக் காட்டினால் மூளைக்குத் தெரியும் முன்னாலே முப்பத்திரண்டு கை போய் முப்பத்திரண்டு மிஷினை நிறுத்திவிடும். சைகை காட்டி எச்சரிக்கலாம் என்றால் நான் காட்டுவதும் சைகைதான். முதல் மிஷினில் நின்ற பெத்தம்மாளின் கை, ஞானபாக்கியம் கையைத் தூக்கின மாத்திரத்திலேயே பட்டன் பக்கம் மெல்ல நகர்ந்தது.

ஞானபாக்கியம் அதைப் பார்த்தாள். தூக்கின கையை இறக்கினாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். பிறகு உதட்டால் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

முதலில் எதுவும் கேட்கவில்லை. மேனேஜர் அய்யா காதைச் சொறிந்தார். அப்புறம் இரைச்சலுக்கு மேலே, எண்ணெய் தண்ணீரில் மிதக்கிற மாதிரி, ஏ வந்தது.

'வானத்து ராசாவே, வழிமறந்து போனியளோ,
வத்திராப்பு வரப்பெல்லாம் வாய்பொளந்து கெடக்குதய்யா.'

எட்டு எண்ணி பி உள்ளே வந்தது. 'ஊத்துங்க. ஊத்துங்க.' புதன்கிழமை மேசைக்கு முன்னால் அசட்டுத்தனமாக இருந்த அதே ஒற்றைச் சொல், இப்போது மேல் வரி மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் சரியாகப் போய் விழுந்தது, ஏந்தின சட்டியில் கஞ்சி விழுகிற மாதிரி. அடியில் ஆண்கள் ஒரே சுரத்தில் பிடித்தார்கள். அது மிஷின் சுரம். எது ஆள், எது மோட்டார் என்று எனக்கே தெரியவில்லை. ஏட்டய்யா காகிதத்தில் விரல் வைத்துக்கொண்டே போனார். ஏ, இரண்டு நிறுத்தம். பென்சிலால் ஒரு டிக். பி, நான்கு நிறுத்தம். இன்னொரு டிக். முத்து முகம்மதுவின் மேகம் வந்தது, பஞ்சு வந்தது. மலைச்சுவர் தாண்டினார்கள். பென்சில் முழு நிறுத்தத்துக்கு வந்து நின்றது.

நாற்பது வாயும் மூடின.

ஏட்டய்யா காகிதத்தை விட்டுவிட்டு மிஷின்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, கைதிகளை எண்ணுகிற மாதிரி. ஒரு கையும் பட்டன் பக்கம் போகவில்லை. ஆறாம் மிஷினில் ஒரு நூல் அறுந்தது. அங்கே நின்றவள் வாயை மூடின வாக்கிலேயே குனிந்து அதை இணைத்தாள். எட்டு எண்ணிக்கை. ஞானபாக்கியத்தின் கழுத்தில் வேர்வை ஓடினது எனக்குத் தெரிந்தது, கை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டினபடியே இருந்தது. அந்த எட்டு எண்ணிக்கையிலும், யாருமே பாடாத அந்த நேரத்திலும், கூடம் முழுக்க அந்தச் சுரம் அப்படியே நின்றது. கூட்டிப் பெருக்க வந்தவள் விளக்குமாற்றைப் பிடித்தபடி கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

அப்புறம் எல்லாரும் சேர்ந்து, அந்தச் சுரத்தின் மேலேயே காலை வைத்து இறங்கினார்கள். 'இறங்கி வா.'

பாட்டு முடிந்தது. போக வேண்டியவர்கள் போனார்கள். வந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். நாங்கள் மேனேஜர் அய்யா அறைக்கு வந்தோம். அறைக் கதவைச் சாத்தினதும் காதில் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது. ஞானபாக்கியம் உட்காரவில்லை.

"ரிப்போர்ட் எழுதுங்க, ஏட்டய்யா" என்றார் மேனேஜர் அய்யா. "முழு நிறுத்தத்துல என்ன நின்னுச்சு?"

ஏட்டய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "வாய் நின்னுச்சுங்க அய்யா."

"மிஷினு?"

"ஒண்ணும் நிக்கலீங்க."

"நீங்க தேடுன ஆளு, அந்த மேகம்?"

"அது வானத்துல உள்ளதுதாங்க போல."

"அப்ப இது பாட்டா, ஸ்டிரைக்கா? ஒரு வார்த்த எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு இந்தப் பொண்ணு ஷிப்டுக்கு வரணுமா வேண்டாமா?"

நானூற்று எழுபத்தொரு நாளும் அந்தப் பேனா முனையில் நின்றன. ஏட்டய்யா எழுதினார். பாட்டு என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். ஞானபாக்கியம் கும்பிட்டுவிட்டு, அழுவதற்கு முன்னால் வெளியே போய்விட்டாள்.

மேனேஜர் அய்யா ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். "கடைசியில என்னமோ எழுதி அடிச்சிருக்கியளே, அது என்ன?"

"அது ஒண்ணுமில்லீங்க."

"சொல்லுங்க, ஏட்டய்யா."

ஏட்டய்யா என்னை ஒருமுறை பார்த்தார். என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த இரும்பைப் பார்த்தார். முப்பது வருசம் போலீசிலும் ஏழு வருசம் எங்கள் கேட்டிலும் ஒரு சொல்லையும் நம்பாத மனிதர், குரலைத் தாழ்த்தி, யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவிய வாயை மூடுன பொறவும் பாட்டு நிக்கலீங்க அய்யா. மிஷினு பாடுச்சு. நான் கேட்டேன்."